பூசத்தில் விதைத்த கடலை

என் வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அந்தப் பதினான்கு வருஷமும் கீரனூருக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஒன்றரை ஏக்கர் செவல் நிலத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். டிராக்டருக்குச் சொல்வது, ஆள் கூப்பிடுவது, கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க ஆள் தேடுவது, விளைந்ததை வண்டியேற்றுவது எல்லாம் என் தலையில்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வரப்பு வரைக்கும் நடந்துபோய் நின்று பார்த்துவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று திரும்பிவிடுவார். குவைத்தில் இருப்பவருக்கு நம்ம ஊர் வெயில் தாங்கவில்லையா என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

பிறகு அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். ஒரேயடியாக வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. முதல் மூன்று மாதம் தூங்கினார். அடுத்த மூன்று மாதம் போன் பார்த்தார். போனில்தான் நிலாவைக் கண்டுபிடித்தார்.

அது ஒரு வாட்ஸ்அப் குழு. நிலாவையும் நட்சத்திரத்தையும் பார்த்து வெள்ளாமை செய்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நானூறு பேர் அதில் இருந்தார்கள். காலையில் எழுந்ததும் இன்று என்ன நட்சத்திரம், வளர்பிறையா தேய்பிறையா, மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா என்று செய்தி வரும். மண்ணுக்கு மேலே காய்ப்பதற்கெல்லாம் வளர்பிறையில் மேல்நோக்கு நாள். மண்ணுக்குள் விளைவதற்கெல்லாம் தேய்பிறையில் கீழ்நோக்கு நாள். பஞ்சாங்கத்தில் இதெல்லாம் எப்போதும் இருந்ததுதான். வீடு கட்டுகிறவர்களும் கிணறு வெட்டுகிறவர்களும் பார்ப்பார்கள். ஆனால் தோட்டத்துக் கீரையைப் பிடுங்குவதற்கும் முருங்கைக் கிளையை வெட்டுவதற்கும் நாள் பார்த்து நான் கண்டதில்லை. அவர் பார்த்தார். கீரனூரில் கொடுத்து ஆறடிக்கு ஒரு பிளெக்ஸ் அடித்து வந்து மோட்டார் ரூம் சுவரில் கட்டினார். இருபத்தேழு நட்சத்திரமும் மூன்று நிறத்தில் இருந்தன. பச்சை மேல்நோக்கு, சிவப்பு கீழ்நோக்கு, மஞ்சள் இரண்டுக்கும் நடுவில்.

நான் ஒரு அமாவாசையன்று மிளகாய் நாற்று நட்டுவிட்டேன். நாற்று முற்றிக்கொண்டு வந்தது, அதற்கு மேல் தாங்காது. அவர் வந்து பார்த்துவிட்டு அத்தனையையும் பிடுங்கி வரப்பில் போட்டார். பச்சைக் கட்டம் வரும்வரை அந்த இடம் சும்மாவே கிடந்தது. அந்த வருஷம் மிளகாயைக் கடையில்தான் வாங்கினோம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன். கடலை மேலே பூக்கிறது, பிறகு விழுது இறக்கி மண்ணுக்குள் போய்க் காய்க்கிறது, அது மேல்நோக்கா கீழ்நோக்கா என்றேன். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் கையைத் தட்டில் உதறிவிட்டு எழுந்துபோனார். மறுநாள் குழுவில் யாரிடமோ கேட்டிருக்கிறார். கடலை கீழ்நோக்குதான், அதுவும் தேய்பிறையில்தான் என்று, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் நிலத்துக்குக் கீழண்டை ஒரு அக்காவின் முக்கால் ஏக்கர் இருந்தது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். புருஷன் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார். நாலு வெள்ளாடும் அந்த முக்கால் ஏக்கரும்தான் அவருக்கு. நான் தனியாக வெள்ளாமை பார்த்த வருஷங்களில் எனக்கு இருந்த துணை அவர் ஒருவர்தான். எனக்கு ஆள் கிடைக்காத நாளில் அவர் வந்து களை எடுப்பார், அவருக்குக் கிடைக்காத நாளில் நான் போவேன். என் கிணற்றில் மோட்டார் ஓடும்போது அவர் ஆடு எங்கள் தொட்டியில் தண்ணீர் குடிக்கும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் நாள் கிழமை பார்த்து நான் அறியேன். மழை பெய்தால் மறுநாள் மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்ப்பார். உருண்டை நின்றால் விதைப்பார், உதிர்ந்தால் விதைக்க மாட்டார். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் அக்கா ஊரில் இல்லை. மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போயிருந்தார். நிலம் தரிசாகக் கிடந்தது. என் வீட்டுக்காரரும் திண்டுக்கல் பக்கம் மூன்று நாள் பயிற்சி முகாம் என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் மழை பிடித்தது. ஒரு மணி நேரம் நின்று பெய்தது. எங்கள் பக்கத்தில் சித்திரையில் அப்படி ஒரு மழை வருவது அபூர்வம். கிணற்றில் அப்போது ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. மோட்டார் போட்டால் முக்கால் மணி நேரத்தில் காற்று வாங்கும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு முளைக்க வைக்க முடியாது, முளைத்ததை ஒப்பேற்றலாம். ஆகையால் மழை ஈரத்தில் விதை போட்டே ஆகவேண்டும். செவல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது. அந்த வெயிலுக்கு மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள்.

மறுநாள் காலையில் திண்டுக்கல்லுக்குப் போன் பண்ணினேன். மழை பெய்ததைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்தான். நாளைக்கு உழுது விதைக்கட்டுமா என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது.

"மழை பெஞ்சது திருவாதிரை. நாளைக்குப் பூசம். ரெண்டும் மேல்நோக்கு, அதுவும் வளர்பிறை. பௌர்ணமி கழிஞ்சு மூலம் வரட்டும்."

"மூலத்துக்கு எத்தன நாளு இருக்கு?"

"இன்னும் பன்னெண்டு நாளு. ஒண்ணும் ஆகாது, நீ சும்மா இரு."

நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு டிராக்டர்காரரைக் கூப்பிட்டேன்.

பூசத்தன்று காலை ஆறரை மணிக்கு டிராக்டர் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். விதைக்கடலை முதல் நாளே உடைத்து வைத்திருந்தேன், ஒரு பருப்புக்கூடத் தோல் உரியாமல். மண் புட்டு மாதிரி இருந்தது. பதினோரு மணிக்குள் ஒன்றரை ஏக்கரும் முடிந்துவிட்டது. கைகால் கழுவிவிட்டு அந்தப் பெண்களோடு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் கஞ்சி குடித்ததில்லை. அடுத்த நாள் அவர் வருவார் என்பது தெரிந்தும் அந்த நிம்மதி இருந்தது.

வந்தார். உழுது பரம்படித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்தார். கத்தவில்லை. வீட்டுக்குள் வந்து பையை இறக்கி வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "நான் எதுக்கு இந்த வீட்டுல இருக்கேன்?"

பதினான்கு வருஷம் அவர் இல்லாமலே எல்லாம் நடந்தது என்பதைத்தான் நான் அந்த ஒன்றரை ஏக்கரில் எழுதிக் காட்டியிருக்கிறேன் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இருபது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். பயிர் எட்டாம் நாளே வரிசை தப்பாமல் எழுந்தது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

வைகாசியில் இரண்டு மழை, ஆனியில் ஒரு மழை என்று அந்த வருஷம் வானமும் கை கொடுத்தது. ஆடியில் பிடுங்கினோம். செடியைத் தூக்கினால் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. சுற்றுவட்டத்தில் யாருக்கும் அந்த அளவு வரவில்லை. மற்றவர்கள் நிலமெல்லாம் எங்களைவிடக் காய்ச்சல். அவர்கள் மழைக்கு மறுநாள் ஆள் கிடைக்காமல் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் விதைத்தவர்கள். காரணம் அவ்வளவுதான்.

பிடுங்குகிற அன்றுதான் அவர் முதன்முதலாக நிலத்துக்குள் இறங்கினார். ஒரு செடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். நாலாம் நாள் இரண்டு வேன் நிறைய ஆட்கள் பார்க்க வந்துவிட்டார்கள். விராலிமலை, திருமயம், மணப்பாறை என்று எங்கெங்கிருந்தோ. நான் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி டீ எடுத்துக்கொண்டு போகிறேன். வரப்பில் நின்று ஒருவர் கேட்டார், என்றைக்கு விதைத்தது என்று.

"சித்திரை மூலம். தேய்பிறை. சுத்தக் கீழ்நோக்கு நாளு," என்றார் இவர்.

சொல்லும்போது என்னைப் பார்த்தார். தட்டு என் கையில் இருந்தது. நான் ஒவ்வொருவருக்கும் டீயை நீட்டிக்கொண்டே போனேன். ஒருவர் என்னிடம், உங்களுக்கும் இதில் நம்பிக்கை உண்டா அம்மா என்று கேட்டார். சிரித்தேன். அது ஆமாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். வேண்டுமென்றுதான் அப்படிச் சிரித்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அன்றைக்கு அவர் முகம் அப்படி இருந்தது. திரும்பி வந்ததிலிருந்து அவரை யாரும் ஒன்று கேட்டதில்லை, அவர் சொல்வதை யாரும் நின்று கேட்டதில்லை. அன்று இருபது பேர் நோட்டில் எழுதினார்கள். அதுவரை கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று சாயங்காலமே தானாக என்னோடு பேச ஆரம்பித்தார். சாப்பிடும்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். இந்த வீட்டில் திரும்பப் பேச்சு வருவதற்கு ஒரு பொய்தான் விலை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். விதை போட்ட ஐந்து பெண்களுக்கும் நாள் தெரியும். அவர்களை யார் கேட்கப் போகிறார்கள்? புரட்டாசியில் புதுக்கோட்டையில் ஒரு கூட்டத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று. போர்த்திக்கொண்டுதான் வந்தேன்.

அக்கா ஆடி முடியும்போது திருப்பூரிலிருந்து திரும்பினார். பேரன் படத்தை எல்லோருக்கும் காட்டினார். எங்கள் களத்தில் காய்ந்த கடலையை அள்ளிப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டு, தங்கச்சிக்கு இந்த வருஷம் யோகம்தான் என்றார். மனதாரச் சொன்னார். அவருக்குப் பொறாமை தெரியாது.

அந்த ஐப்பசியில் குவைத்திலிருந்து கொண்டு வந்ததில் மிச்சமிருந்ததைப் போட்டு போர் இறக்கினோம். தண்ணீர் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு எந்த நாள் விதைத்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. ஈரம் இல்லையென்றால் வால்வைத் திறந்தால் போதும். மூலம், விசாகம், பூராடம் எதுவாக இருந்தாலும் மோட்டார் தண்ணீர் எடுக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த பங்குனியில் எங்கள் நிலத்திலேயே முகாம் வைத்தார்கள். சாமியானா போட்டு, மைக் கட்டி, வாழையிலையில் சாப்பாடு. அவர் பேசினார். ஒரு வருஷத்துக்குள் அந்த மூலம் அவர் வாயில் நன்றாகப் பழகிவிட்டது. அன்றைக்குக் காலையில் காற்று எந்தப் பக்கம் அடித்தது, மண்ணில் என்ன வாசம் வந்தது என்றெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிஷம், அப்படியும் ஒரு நாள் இருந்ததோ என்று இருந்தது. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் எழுந்து, மூல நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கும், எப்போது பார்த்தால் தெரியும் என்று கேட்டாள். அவருக்குக் காட்டத் தெரியவில்லை. போனை எடுத்து அதில் காட்டினார்.

அக்கா கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். போகும்போது பச்சையும் சிவப்பும் அடித்த தாள் ஒன்றை வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சித்திரை பிறந்து இரண்டாவது வாரம் மழை வந்தது. முந்தின வருஷத்தைவிடக் குறைவு, ஆனால் ஒரு விதைப்புக்குப் போதும். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நான் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். கையில் அவர் நிலத்து மண். என் முன்னால் விரலை விரித்துக் காட்டினார். உருண்டை நின்றது.

"தங்கச்சி, ஒன்னத்தான் கேக்குறேன். போன வருசம் நெசமாவே நாளு பாத்துத்தான் வெதச்சீங்களா? இல்ல, இன்னைக்கே போட்டுடவா? தாளுல செகப்புக் கட்டத்துக்கு இன்னும் ஏழு நாளு இருக்கு. எனக்கு ஒங்கள மாதிரி போர் இல்ல."

நேராகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் துணியை மடித்தேன்.

"அவுகதான் எல்லாம் பாத்தாக, அக்கா. அவுகளையே கேளுங்க."

அக்கா மரத்தடிக்குப் போனார். என் வீட்டுக்காரர் சொன்னது எனக்கு இங்கே கேட்டது. பொறுத்தவருக்குத்தான் பூமி கொடுக்கும் என்கிற மாதிரி ஏதோ மேடைப் பேச்சு. ஏழு நாளில் கட்டாயம் இன்னொரு மழை வரும், பௌர்ணமிக்கு நிலா தண்ணீரை இழுக்கும் என்றார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு போனார். கையிலிருந்த மண்ணை எங்கே போட்டார் என்று நான் பார்க்கவில்லை.

அந்த ஏழு நாளில் ஒரு நாள்கூட நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. போயிருக்கலாம். இரண்டாம் நாள் போயிருந்தால்கூட ஈரம் இருந்தது. மூன்றாம் நாள் போயிருந்தாலும் ஏதோ முளைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் போகலாம் என்று நினைப்பேன். மத்தியானத்தில், மழைதான் வந்தாலும் வரலாமே என்று நினைப்பேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. பௌர்ணமி நிலா சாயங்காலம் குன்றுக்கு மேலே பெரிதாக வந்தபோது என் வீட்டுக்காரர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தேன். சொம்பு மாதிரி மழமழவென்று இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

மூலத்தன்று நாங்கள் போர்த் தண்ணீர் பாய்ச்சிப் பதமாக்கி வைத்திருந்த நிலத்தில் விதைத்தோம். அக்காவும் அன்றே விதைத்தார். ஆள் வைக்கவில்லை, தனியாகக் களைக்கொத்தால் குத்திக் குத்திப் போட்டார். எங்கள் வரப்பிலிருந்து பார்த்தால் அவர் கொத்தும் இடத்தில் புழுதி எழும்புவது தெரிந்தது. விதைக்கடலையை மழை பெய்த அன்றே உடைத்துவிட்டாராம். உடைத்த பருப்பு அந்த வெக்கையில் எத்தனை நாள் தாங்கும்? இனி வைத்திருக்க முடியாது என்று போட்டிருக்கிறார்.

பத்து நாள் கழித்து அவர் நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தெரிந்தது. மீதியை எறும்பு தின்றது, எலி தோண்டியது. நான் அதற்கு மேல் பொறுக்காமல், என் வீட்டுக்காரர் கீரனூர் போயிருந்த ஒரு காலையில் எங்கள் ஓஸ் பைப்பை வரப்பு தாண்டி இழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டேன். அக்கா வீட்டிலிருந்து ஓடி வந்தார். நன்றியோடுதான் பார்த்தார். குனிந்து ஒரு குழியைக் கிளறி, அழுகிய பருப்பை எடுத்துக் காட்டிவிட்டு, வேண்டாம் தங்கச்சி, உன் பயிருக்குப் பாய்ச்சு என்று ஓஸை அவரே சுருட்டிக் கொடுத்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆனியில் திருச்சியில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமையலுக்குப் போய்விட்டார். அறுபதை நெருங்குகிற வயசில், இருநூறு பேருக்கு இட்லி ஊற்றுகிற வேலை. நிலத்தைக் கொஞ்ச நாள் சும்மா போட்டு வைத்தார். பிறகு தைல மரம் போடுகிறவர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் கடைசியில் எல்லா நிலமும் அங்கேதான் போய் நிற்கிறது. அதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளாமை தப்பினால் போதும். இப்போது அந்தக் கன்றுகள் எங்கள் வேப்ப மரத்தைவிட உயரம். கீழண்டை நாலு வரிசைக் கடலை எங்களுக்கு நோஞ்சானாகத்தான் வருகிறது.

என் வீட்டுக்காரரோடு இதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினேன். அக்கா போன அன்று. நீங்கள் சொன்ன பொய்யால்தான் அந்த அம்மா ஊரை விட்டுப் போகிறது என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"என்ன பொய்யி? மூலத்துலதான போட்டோம்?"

நடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது, இல்லை. இருபது நாள் என்னோடு பேசாமல் இருந்த அந்த மனுஷனை அவர் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டார். பூசத்தன்று வந்த டிராக்டர்காரர் பெயரைச் சொன்னேன். ஐந்து பெண்களைச் சொன்னேன். அது வேறு வருஷம் என்றார்.

அதற்குப் பிறகு வந்த முகாமில்தான் நான் வாயைத் திறந்தேன். சாமியானாவுக்குள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். வழக்கம்போல் அந்த முதல் வருஷத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரை மூலம் என்றதும் நான் சமையல் பக்கத்திலிருந்து வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூலம் இல்ல. பூசம். மழைக்கு மூணாம் நாளு, ஈரம் காயிறதுக்குள்ள, அவுக ஊருல இல்லாதப்ப நாந்தான் வெதச்சேன்."

மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. அவர் அப்படியே நின்றார். எனக்கு இனிமேல் என்ன வந்தாலும் சரி என்றிருந்தது. யாராவது எழுந்து சத்தம் போடுவார்கள், ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் பேனாவை எடுத்தார். அம்மா, பூசம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, நீங்கள் எத்தனை மணிக்கு விதைத்தீர்கள் என்றார். பக்கத்தில் இருந்தவர், பூசம் சனியோட நட்சத்திரம்தானே, சனி மண்ணுக்கு உகந்ததுதான் என்று விளக்கம் சொன்னார். இன்னும் நாலைந்து பேர் குனிந்து எழுதினார்கள். என் வீட்டுக்காரருக்கு அதற்குள் மூச்சு வந்துவிட்டது. வீட்டுப் பெண்களுக்கு இயற்கையே சொல்லும், அதனால்தான் அன்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் குழுவில் கடலைக்குப் பூசமும் ஆகும் என்று இரண்டாவதாக ஒரு விதி சுற்றுகிறது. ஈரத்தைப் பற்றி நான் சொன்னதை யாரும் எழுதவில்லை.

அக்காவிடம் சொன்னது போன வருஷம் தைக்குப் பிறகு. நான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போய்க்கொண்டிருந்தேன். கீரனூரில் அக்கா ஏறினார். லீவில் மகளைப் பார்த்துவிட்டு, குத்தகை விஷயமாக யாரையோ பார்க்கப் போகிறாராம். இளைத்திருந்தார். கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேரன் பேசுகிற பேச்செல்லாம் சொன்னார். விடுதிப் பிள்ளைகள் இவரை ஆத்தா என்று கூப்பிடுகிறார்களாம். உன் கடலை எப்படி என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு முடியாமல் போய்விட்டது.

முழுவதையும் சொன்னேன். பூசம், டிராக்டர், டீத் தட்டு, பொன்னாடை எல்லாம். அழாமல் சொன்னேன், அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்று பயம். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு மோட்டார் ரூம்புல ஒன்னத்தான கேட்டேன் தங்கச்சி," என்றார். "அவரையா கேட்டேன்?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோ, எனக்குப் பயமாக இருந்தது என்றோ சொல்ல வாய் வரவில்லை. பயம்கூட இல்லையே. என் வீட்டுக்காரர் அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. ஒரு இருபது நாள் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். மறுபடியும் அப்படிப் பேசாமல் இருந்துவிடுவாரோ என்பதற்காக ஒரு மனுஷியின் முக்கால் ஏக்கரை நான் விட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது?

அக்கா எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில், பள்ளிக்கூடச் சீருடை போட்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவர் பின்தலைதான் எனக்குத் தெரிந்தது. நரைத்த கொண்டையில் ஒரு கறுப்பு கிளிப். இறங்கும்போது கூட்டத்தில் நான் பின்தங்கிவிட்டேன். நான் இறங்கியபோது அவர் இல்லை. டவுன் பஸ் நிற்கிற பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கிட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். எல்லாம் மங்கலாக இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மருந்து அப்படித்தான் செய்யும் என்று நர்ஸ் சொன்னாள்.

இந்தச் சித்திரையிலும் ஒரு மழை பெய்தது. என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து நாள் என்றார். போர் இருக்கிறது, ஐந்து நாள் பொறுத்தால் ஒன்றும் குடி முழுகாது. நான் சரி என்றேன்.